என் வயிறும் பால்காரர் கோடும்

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரையாவது விட்டுவிட்டால் பிறகு அதற்கு வேறு கவலைப்பட வேண்டும். என் அக்கா. அக்காவின் கணவர், அதாவது என் மச்சான். எங்கள் தெரு வைத்தியர். ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் டிரஸ்ஸராக, அதாவது கட்டுப்போடும் உதவியாளராக வேலை பார்த்த, எங்கள் மாடியில் குடியிருந்த ஒருவர். அந்தக் கூடத்துக்குச் சொந்தக்காரரான பால்காரர். அவருடைய தங்கை. கதவுக்கு முன்னால் பாதியும் பின்னால் பாதியுமாகப் பால்காரரின் மகள். அப்புறம் நான். ஆக எட்டுப் பேர். கொல்லையில் கட்டியிருந்த மாடுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அவற்றில் ஒன்று ஜன்னல் வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

எங்களுக்கு நடுவில் பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு இருந்தது. இரண்டு வீட்டாரும் அதை மாற்றிக்கொண்டால் நிச்சயம் முடிந்தது. அதற்கு முன்னால் மாப்பிள்ளை பால் குடிக்க வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். என் கையில் ஒரு பெரிய லோட்டா. அதன் விளிம்பு வரைக்கும் சற்றுமுன் கறந்து காய்ச்சிய பால்.

அதைக் குடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் என் கதி என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். குடிக்காவிட்டால் பெண் கிடைக்காது. இது வந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் என் வயிற்றிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நான் கவலைப்படுகிற ஆள். பள்ளிக்கூடத்தை நாலாவதோடு விட்டேன். அப்பா காலமானார், பினாங்கில் ஒரு கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், கொட்டைப்பாக்கு எடை எழுத ஆள் கேட்டார்கள், போய்விட்டேன். இன்னும் இரண்டு வகுப்பு படித்திருந்தால் கவலையைக் குறைக்கவும் கற்றுக்கொண்டிருப்பான் என்று மச்சான் சொல்வார். மழை பெய்தால் பாக்கு நனையுமே என்று கவலை. பெய்யாவிட்டால் ஏன் இன்னும் பெய்யவில்லை என்று கவலை. படகுத்துறையில் கப்பல் ஊதினால், எதற்காக இரண்டு தடவை ஊதினான் என்று அன்று முழுவதும் யோசிப்பேன்.

இப்படிப்பட்ட ஒருவனுக்கு இருபத்திரண்டு வயதில் வயிற்றுக் கோளாறு வந்தால் கேட்க வேண்டுமா? முதலில் குழாயில் காற்றுப் புகுந்த மாதிரி உள்ளே ஒரு சத்தம். அப்புறம் யாரோ துணி பிழிகிற மாதிரி முறுக்கல். அப்புறம் ஓட்டம். கிட்டங்கியின் கக்கூஸ் பின் சந்தில் இருந்தது. மூட்டை அடுக்குகளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். தராசில் மூட்டை தொங்கிக்கொண்டிருக்கும்போதே பென்சிலைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். எங்கள் சீன முதலாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். "லு புன்யா பெருட் அடா ஜாம் கா?" என்பார். உன் வயிற்றுக்குள்ளே கடிகாரம் இருக்கிறதா என்று கேட்கிறார். மூட்டை தூக்கும் ஆட்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கணக்கு எழுதுகிற என்னை அவர்கள் கிராணி என்பார்கள்.

"கிராணி ஓடிட்டாரு. மணி ஒம்பதரை ஆச்சுலா. வாங்கடா, தேத்தண்ணி குடிச்சிட்டு வருவோம்."

உண்மையாகவே ஒன்பதரையாகத்தான் இருக்கும்.

எதனால் இப்படி வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு நோட்டு வாங்கினேன். தினமும் என்ன சாப்பிட்டேன் என்று எழுதுவேன். எத்தனை தடவை ஓடினேனோ அத்தனை புள்ளி பக்கத்தில் வைப்பேன். சோறு, மீன் குழம்பு, கத்தரிக்காய், இரண்டு புள்ளி. சோறு, நெத்திலிச் சம்பல், இரண்டு புள்ளி. கத்தரிக்காயை நிறுத்தினேன். நெத்திலியை நிறுத்தினேன். புளியை நிறுத்தினேன். புள்ளி மட்டும் நிற்கவில்லை.

எங்கள் தெரு வைத்தியர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"வாயு, தம்பி. வாயுல மூணு வகை இருக்கு."

"எனக்கு எது வைத்தியரே?"

"ஒனக்கு மூணும் இருக்கு."

இரண்டு மாதத்துக்குச் சூரணம் கட்டிக் கொடுத்தார். காலையிலும் மாலையிலும் வெதுவெதுப்பான பசும்பாலில் கலந்து குடிக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் எப்போதும் வரக்காப்பிதான். பால் வாங்குகிற வழக்கமே இல்லை. சாதாரணமாக வாங்கிக் குடிக்கிற விலையிலா இருந்தது பால்? எனக்கு ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்துதான், உடம்பு தேறட்டும் என்று அக்கா தெருவில் போகிற பால்காரனைக் கூப்பிட்டு எனக்கு மட்டும் தினமும் அரை போத்தல் வாங்கிக்கொண்டிருந்தாள். இப்போது சூரணமும் அந்தப் பாலிலேயே உள்ளே போனது.

இங்கே என் நோட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சோற்றை எழுதினேன், குழம்பை எழுதினேன், வெற்றிலையில் எத்தனை பாக்கு வைத்தேன் என்பதைக்கூட எழுதினேன். பாலை எழுதவில்லை. மறந்து அல்ல. பால் சாப்பாடு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது மருந்தோடு உள்ளே போகிற ஒன்று. விரதம் இருக்கிறவர்கள்கூடக் குடிக்கிற ஒன்று. விரதத்தில் குடித்தால் சாப்பிட்டதாக ஆகாது என்றால் நோட்டில் மட்டும் எப்படிச் சாப்பாடு ஆகும்? தண்ணீரை எழுதாத மாதிரியே பாலையும் எழுதாமல் விட்டேன்.

அந்தச் சமயத்தில் நாங்கள் வீடு மாறினோம். துறைமுகத்துப் பக்கத்துச் சந்திலிருந்து சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்துக்கு வந்தோம். வந்த வாரத்திலேயே இரண்டு புள்ளி நாலு புள்ளியாகிவிட்டது. வீட்டின் மேல்தான் எனக்குச் சந்தேகம். வாசல் தெற்குப் பார்த்தது என்று அக்காவிடம் சொன்னேன்.

"வாசல் தெற்க பாத்தா ஒன் வயிறு ஏன்டா தெற்க பாக்குது?" என்றாள் அக்கா. "இங்க வர்ற பால்காரரு பாலப் பாத்தியா? பழைய ஆளு பாலுல கைய விட்டா ரேகை தெரியும். இது ஏடு ஏடா படியுது. ஒடம்பு தேறிடும், கவலப்படாத."

அந்தப் பால்காரர்தான் பிற்பாடு என் மாமனார் ஆனவர். ஆயர் ஈத்தாம் போகிற டிராம் பாதையில் அவருக்கு ஆறு மாடு இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாது. அரை போத்தலுக்கு ஒரு கோடு என்று எங்கள் சமையல்கட்டுக் கதவின் உள்பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவார். ஒரு நாளைக்கு ஒரு வரிசை. வாங்காத நாளைக்கு ஒரு சுழி. மாதக் கடைசியில் எண்ணிக் காசு வாங்குவார். அவர் கணக்கில் தகராறு வந்ததாக யாரும் சொன்னதில்லை. அவருடைய ஒரே மனக்குறை, பால்காரன் என்றாலே தண்ணீர் கலப்பவன் என்று ஊர் பேசுவது. "நான் கலக்கல அம்மா" என்று யாரும் கேட்காமலேயே வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டு போவார். கேட்காமலே சொல்வதால் சந்தேகம் கூடத்தான் செய்தது.

சூரணம் கேட்கவில்லை என்றதும் வைத்தியர் அளவைக் கூட்டினார். சூரணம் கூடினால் பாலும் கூட வேண்டும் அல்லவா? ஒரு கோடு இரண்டு கோடானது. என் நோட்டில் ஏழு புள்ளி.

அப்புறம் முதலாளியே பொறுக்காமல் தனக்குத் தெரிந்த சின்சேயிடம் அழைத்துப்போனார். அந்தச் சீன வைத்தியர் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, தலையை ஆட்டி, வேரும் பட்டையுமாக ஒரு பொட்டலம் கொடுத்தார். கொதிக்க வைத்து அப்படியே குடிக்க வேண்டும். அது தைப்பூசச் சமயம். என்ன ஆச்சரியம்! ஐந்து நாள் ஒரு புள்ளி இல்லை. முதலாளி தன்னுடைய மருந்தே என்பது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். ஆட்கள் தேத்தண்ணி குடிக்க வழியில்லாமல் திண்டாடினார்கள். ஆறாவது நாள் அக்கா, "இம்புட்டுக் கசப்பு வெறும் வயித்துல போனா கொடல் புண்ணாப் போகும்" என்று சொல்லி, கஷாயத்துக்கு மேலே ஒரு டம்ளர் பால் கொடுத்தாள். புள்ளி திரும்பி வந்துவிட்டது. சின்சேயின் மருந்து ஐந்து நாளைக்குமேல் நிற்காத மருந்து என்று எல்லாரும் தீர்ப்புச் சொன்னோம். பாவம், அந்த மனிதர்.

மாடி வீட்டு டிரஸ்ஸர் இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "வேரு, பட்டை, சாம்பல்! நீ என்ன செடியா? வா, எங்க டாக்டர்கிட்ட காட்டுறேன்" என்று கூட்டிப்போனார். அந்த வெள்ளைக்கார டாக்டர் துரை என் வயிற்றின் மேல் விரலை வைத்துக் கதவு தட்டுகிற மாதிரி தட்டிப் பார்த்தார். உள்ளிருந்து பதில் வந்தது, எனக்கே கேட்டது. அவர் ஏதோ சொன்னார். டிரஸ்ஸர் தமிழில் சொன்னார்.

"அல்சராம், வயித்துப் புண்ணு. ஒன் வயித்துக்கு ஓய்வு வேணுமாம். ரெண்டு வாரம் சோறு கிடையாது, மீன் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பால் மட்டும். ஒரு நாளைக்கு ரெண்டு போத்தல்."

போத்தல் இருபது காசு. நாற்பது காசு ஒரு நாளைக்கு! கவலையில் எனக்கு அங்கேயே முறுக்கியது.

இரண்டாம் நாள் மாலைப் பால் வரவில்லை. அப்போது கொஞ்சம் நடக்க முடிந்தது. டிராம் ஏறி, பால்காரர் வீட்டுக்கு நானே போனேன். கிணற்றடியில் ஒரு பெண் பால் பாத்திரங்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எந்த வீடு என்று கேட்டாள். சொன்னேன். தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரெண்டு போத்தல் வீடா? வீட்ல எத்தன பேரு?"

"எனக்கு மட்டும்தான்."

"ஒருத்தருக்கா? எங்க கன்னுக்குட்டிகூட இம்புட்டுக் குடிக்காதே!"

சிரிக்காமல் சொன்னாள். போத்தலை வாங்கிக்கொண்டு டிராமில் வரும் வழியெல்லாம் நான்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பேச்சை வீட்டில் தினமும் கேட்டால் பாதிக் கவலை போய்விடும் என்று தோன்றியது. அடுத்த நிறுத்தத்திலேயே, அவளுக்கு முன்பே கல்யாணம் பேசியிருப்பார்களோ என்ற கவலையும் வந்துவிட்டது.

அந்த இரண்டு வாரமும் நான் பட்ட பாட்டை இங்கே விரிவாக எழுதினால் படிக்கிறவர்களுக்குச் சோறு இறங்காது. நோட்டில் புள்ளி வைக்க முடியாமல் ஒரு பக்கத்தையே கறுப்பாக்கினேன். கிட்டங்கிக்கு லீவு சொல்லிவிட்டுச் சமையல்கட்டில் பாய் போட்டுப் படுத்துவிட்டேன். பின் சந்துக்கு அதுதான் கிட்டம்.

இதே இரண்டு வாரத்தில் வெளியே வேறொன்று நடந்தது. பால்காரர் தினமும் நாலு நாலு கோடாகப் போட்டுக்கொண்டே, உள்ளே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த என் முதுகைப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் மச்சானைத் தெருமுனையில் நிறுத்திக் கேட்டார். மச்சான் அதை வந்து நடித்தே காட்டினார்.

"அண்ணே, ஒங்க மச்சினரு கள்ளுக்கடைப் பக்கம் போறதில்ல. சீட்டு ஆடுறதில்ல. சம்பாதிக்கிறதப் பாலா வாங்கிக் குடிக்கிறாரு. ரெண்டு போத்தல் குடிச்சிட்டு என்ன சொகமா தூங்குறாரு! அப்படி ஒரு தெம்பான பையன நான் இந்தப் பினாங்குல பாத்ததில்ல. எம்மகளுக்குக் கேக்கலாமா?"

மச்சான் என்ன சொன்னாராம்? "தாராளமா" என்று சொல்லிவிட்டாராம். தெம்பான பையனாகிய நான் பாயிலிருந்து எழுந்து உட்கார முயன்று, முடியாமல் மறுபடி படுத்தேன். ஆனாலும் அன்று போல் சந்தோஷமாக நான் படுத்ததில்லை.

பால் வைத்தியத்தின் கடைசி நாள். மத்தியானம். அக்கா கடைக்குப் போயிருந்தாள். பாயில் கிடந்தபடியே என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எதிரே சமையல்கட்டுக் கதவு. அதன் உள்பக்கத்தில் வரிசை வரிசையாக வெள்ளைக் கோடுகள். கீழே நாலு நாலாக, இரண்டு வாரம். அந்த வாரக் கறுப்புப் பக்கம் என் கையில். சும்மா பார்த்துக்கொண்டிருந்தவன், அதற்கு மேலே பார்த்தேன். இரண்டு கோடு போட்ட வாரம். நோட்டைப் பின்னால் புரட்டினேன்: ஏழு புள்ளி. அதற்கும் மேலே ஒற்றைக் கோடு: நாலு புள்ளி. நடுவில் ஐந்து வரிசையில் கோடே இல்லை. ஐந்து சுழி மட்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கே பால் முழுவதையும் கொடுத்துவிட்டு, சந்துக்குப் பாலே கொண்டுவராத ஐந்து நாள் அது. நோட்டைத் திருப்பினேன். ஐந்து நாளும் வெற்று. சின்சேயின் ஐந்து நாள்!

எழுதப் படிக்கத் தெரியாதவர் கதவில் எழுதி வைத்திருந்ததை, படித்தவன் என்று பென்சில் பிடித்த நான் இத்தனை மாதம் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

நம்பிவிட்டேனா? நானா? கவலைப்படுகிறவன் அவ்வளவு சீக்கிரம் நம்ப மாட்டான். பத்து நாள் ஒரு சொட்டுப் பால் தொடாமல் சோறும் குழம்பும் கத்தரிக்காயும் நெத்திலியும் சாப்பிட்டேன். ஒரு புள்ளி இல்லை. பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வேண்டுமென்றே காலை ஒன்பதே முக்காலுக்கு ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுக் கடிகாரத்தின் எதிரே உட்கார்ந்தேன். பதினொன்றேகாலுக்கு ஓடினேன். ஓடும்போது சிரித்துக்கொண்டே ஓடியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"பச்சப் புள்ளக்குக் குடுக்கிறதுடா பாலு! அது ஒருத்தனுக்கு ஆகாமப் போகுமா? இத வெளிய சொல்லித் தொலச்சிடாத. பால்காரரு ஒன்னயத் தேடி வந்ததே அந்தப் பாலுக்காகத்தான். நிச்சயம் முடியட்டும், கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆகவே பாலை நிறுத்தவில்லை. தினமும் அரை போத்தல் வந்தது. கதவில் கோடு விழுந்தது. அக்கா அதில் தேநீர் போட்டு மச்சானுக்குக் கொடுத்தாள். எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சதை பிடித்தது. மச்சானுக்கு வேகமாகவே பிடித்தது. பால்காரர் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "பால் வேல செய்யுது பாத்தீங்களா!" என்று பூரித்துப் போனார். வைத்தியத்து இரண்டு வாரப் பால் காசைக் கொடுக்கப் போனேன். "இருக்கட்டும் மாப்பிள்ள, ஓடியா போகப் போறீங்க?" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

இப்போது மறுபடியும் அந்தக் கூடத்துக்கு வருவோம். லோட்டா என் கையில். எல்லாரும் பார்க்கிறார்கள். சாப்பாடு முடிந்து கிளம்ப மூன்று மணி நேரம் ஆகும். கக்கூஸ் மாட்டுக்கொட்டகைக்கு அந்தப் பக்கம். கூடத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் முன்னால்தான் போக வேண்டும். நான் மணியைக் கணக்குப் பார்த்தேன். பாயசம் பரிமாறும் நேரத்துக்குச் சரியாக வந்தது.

"குடிங்க தம்பி, ஆறிடும்" என்றார் வைத்தியர். "பால் வாயுவ அடக்கும்."

"வாயுவாவது மண்ணாவது! அல்சருக்குப் பால்தான் மருந்து. எங்க டாக்டர் குணப்படுத்தின கேஸ் இது" என்றார் டிரஸ்ஸர்.

"ஒங்க டாக்டரா? எஞ்சூரணம் ரெண்டு மாசம் உள்ள போயிருக்கு!"

அவர்கள் இரண்டு பேரும் என் வயிற்றைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கும்போது நான் கதவுப் பக்கம் பார்த்தேன். அவள் லோட்டாவைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளிடம் முதல் நாளே பொய் சொல்லி, பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு லோட்டாவைக் கண்டு நடுங்கிக்கொண்டே வாழ வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கவலை மற்றக் கவலைகளை எல்லாம் அமுக்கிவிட்டது. லோட்டாவைக் கீழே வைத்தேன்.

"மாமா, எனக்குப் பால் ஆகாது" என்றேன்.

அக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். முதலில் வாயைத் திறந்தது பால்காரரின் தங்கைதான்.

"நல்லாருக்கே! பால் ஆகாத மாப்பிள்ளைக்குப் பால்காரர் வீட்டுல என்ன வேலையாம்? அண்ணே, ஒனக்குப் புரியலயா? ஒம்பாலுல என்னத்தையோ கலந்திருக்கேன்னு சொல்லாமச் சொல்றாரு!"

பால்காரரின் முகம் கறுத்துவிட்டது. ஊரெல்லாம் சொன்னதைத் தாங்கிக்கொண்டவர், வீட்டுக்குள்ளேயே கேட்டதும் தளர்ந்துபோனார். கோட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று எங்கே போனாலும் அதைக் கொண்டுபோகிற பழக்கம் எனக்கு. புள்ளிகளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கதவுக் கோட்டைச் சொன்னேன். தைப்பூசச் சுழியைச் சொன்னேன். பழைய வீட்டிலேயே இது ஆரம்பித்துவிட்டது, அவர் பாலால் மட்டும் வந்ததல்ல என்பதையும் சொன்னேன்.

பால்காரர் தலையைத் தூக்கினார். "பழைய வீட்டுலயா? அங்க பால் ஊத்துனது யாரு?"

யார் என்று சொன்னேன். துறைமுகப் பக்கம் பால் ஊற்றுகிற அந்த ஆளை அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

"அவம் பாலு எவ்வளவு குடிச்சீங்க?"

"அரை போத்தல்."

"அதுக்கு எத்தன புள்ளி?"

"ரெண்டு."

"எம்பாலு அரை போத்தலுக்கு?"

"நாலு மாமா."

அவர் விரலை மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கினார். திடீரென்று தொடையில் ஓங்கி ஓர் அடி அடித்துக்கொண்டு எழுந்தார். ஜன்னலில் நின்ற மாடு தலையை வெளியே இழுத்துக்கொண்டது.

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? சரி பாதி! அவன் பாதிக்குப் பாதி தண்ணி ஊத்துறான்! எம்பாலு சுத்தம்! பாலச் சோதிக்கிற இன்ஸ்பெக்டரு கண்ணாடிக் குழாயக் கொண்டாந்து விட்டுப் பாத்தாரே, அது என்னத்தக் கண்டுச்சு? இந்த வயிறுலா கண்டுபிடிச்சிருக்கு!"

என்னை எழுப்பி நிறுத்தித் தோளோடு அணைத்துக்கொண்டார். அவர் தங்கை விடவில்லை.

"அதெல்லாம் சரி அண்ணே, பாலே குடிக்காத ஆளு..."

"குடிக்காட்டி என்ன? எத்தன பேரு குடிச்சும் நம்பல! இவரு குடிக்காமலே எனக்குச் சாட்சி சொல்றாரு."

வைத்தியர் கனைத்துக்கொண்டார். "நான் அன்னைக்கே சொல்லலாம்னு இருந்தேன். சில ஒடம்புக்குப் பாலும் வாயுதான்."

"பாலால வயிறு கெடும்னு எங்க புஸ்தகத்துல எங்கயும் இல்ல" என்றார் டிரஸ்ஸர். தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்வதாகவும் சொன்னார். இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். பச்சைக் குழந்தை குடிக்கிற பொருள் என் வயிற்றுக்கு மட்டும் ஏன் ஆகவில்லை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. எனக்கு அது இப்போதும் ஒரு கவலைதான். ஆனால் ஓட வைக்காத கவலை.

அன்று கடைசியாகப் பேசியது கதவுப் பக்கம் நின்றவள். குனிந்து என் முன்னாலிருந்த லோட்டாவை எடுத்துக்கொண்டே, யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னாள்:

"அப்பாடா. கன்னுக்குட்டிக்கு மிச்சம்."

தட்டை மாற்றினார்கள்.

கல்யாணத்தில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பாலும் பழமும் கொடுக்காமல் முடியுமா? பால்காரர் வீட்டுக் கல்யாணத்தில் அது இல்லையென்றால் ஊர் சிரிக்காதா? அவள்தான் வழி சொல்லி அனுப்பினாள். தேங்காய்ப்பாலில் சர்க்கரை போட்டு, அதே லோட்டாவில் ஊற்றிக் கொடுத்தார்கள். வெள்ளையாக இருந்தது, நுரை மட்டும் இல்லை. வந்திருந்த முதலாளி அங்கேயும் கடிகாரத்தைப் பார்த்தார். நான் நாற்காலியை விட்டு அசையவே இல்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுதான் நினைக்கிறேன்.

மாமனார் என் வயிற்றின் கதையைச் சூலியா தெரு முழுவதும் சொன்னார். பால் வாங்காத வீட்டிலும் நின்று சொன்னார். எங்கள் சந்தில் மட்டும் ஏழு வீடு புதிதாகச் சேர்ந்தது. மூன்று மாடு கூட வாங்கினார். நான் தெருவில் போனால், "அந்தா, நாலு புள்ளி போறாரு" என்பார்கள். என் பெயர் பலருக்கு அதுதான்.

அந்த வைத்தியத்துப் பால் காசு விஷயம் மட்டும் எங்கள் இருவருக்கும் இன்னும் முடியவில்லை. கல்யாணமான முதல் தீபாவளிக்கு அவரே ஆரம்பித்தார்.

"மாப்பிள்ள, பொண்ணு குடுத்தது வேற, பால் குடுத்தது வேற."

"என்னயப் படுக்க வச்ச பாலுக்கு நான் எதுக்கு மாமா காசு குடுக்கணும்? அதச் சொல்லிச் சொல்லி ஏழு வீடு பிடிச்சீங்க. நீங்கதான் எனக்குக் குடுக்கணும்."

"சுத்தமான பாலுக்குக் காசு இல்லைன்னா, நாளைக்கு ஊரே குடுக்காதுலா!"

வருஷா வருஷம் இதையே பேசுகிறோம். ஒரு வருஷம் அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தபோது, மனசு கேட்காமல் காசை எடுத்துக்கொண்டு போனேன். "நான் என்ன சாகவா கெடக்கேன், கணக்கு முடிக்க வந்துட்டீங்க?" என்று திட்டி அனுப்பிவிட்டார். என் மனைவி இரண்டு பேர் பக்கமும் சேர மாட்டாள். ஆனால் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, சமையல்கட்டுக் கதவின் உள்பக்கத்தை மட்டும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அந்த இரண்டு வாரத்து ஐம்பத்தாறு கோடும் இன்னும் அப்படியே இருக்கின்றன. அரை போத்தல் பத்துக் காசு, நூறு காசு ஒரு வெள்ளி. எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். நான் அவருக்குக் கொடுக்க வேண்டியது ஐந்து வெள்ளி அறுபது காசு.